தாங்கு கம்பி உடுப்புக் கொடி அல்ல

கொழும்பு – கண்டி வீதியில், கடுகண்ணாவைக்கும் பேராதனைக்கும் இடையில் இருக்கிறது பிலிமத்தலாவை. பிரதான வீதியை விட்டு உள்ளே போனால் எல்லாம் மேடும் பள்ளமும்தான். மேட்டை வெட்டித்தான் வீடு கட்டுகிறார்கள். வீட்டுக்கும் ஒழுங்கைக்கும் நடுவே மிஞ்சிய இடத்தில் மின்கம்பம் நிற்கும். போர்க்காலத்தில் வடக்கு, கிழக்கிலிருந்து இடம்பெயர்ந்து இப்பக்கம் தங்கிவிட்ட சில குடும்பங்களை எனது பணியின் நிமித்தம் சந்தித்து வருகிறேன். அவற்றில் பல, பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்கள்.

அவர்களில் ஓர் அக்கா, போரில் கணவரை இழந்தவர். இரண்டு பிள்ளைகளுடன் வாடகை வீட்டில் இருக்கிறார். வாசலில் இருந்து நான்கடி தூரத்தில் கம்பத்தின் தாங்கு கம்பி மண்ணில் இறங்குகிறது. அதில் உடுப்புகள் காய்கின்றன. சின்னவன் அதைப் பிடித்துத் தொங்கி விளையாடுகிறான். "அதில கரண்ட் இல்லைத்தானே தங்கச்சி. இவ்வளவு வருசமா ஒண்டும் நடக்கேல்லை" என்றார் அக்கா.

அவர் சொன்னதில் பாதி உண்மை. தாங்கு கம்பியில் சாதாரண வேளையில் மின்சாரம் ஓடுவதில்லை. மின்கம்பிகள் கம்பத்தை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டே இருக்கும். லயன் முடியும் இடத்திலும் வளையும் இடத்திலும் அந்த இழுவை அதிகம். கம்பம் சாயாமல் மறுபக்கம் இழுத்துப் பிடிப்பதே தாங்கு கம்பியின் வேலை. மேலே மின்கம்பி அறுந்தோ, மரக்கிளை முறிந்து விழுந்தோ அதில் பட்டால், அந்த நொடியே அதுவும் மின்கம்பி ஆகிவிடலாம். அப்படி நேர்ந்தாலும் கீழ்ப்பகுதிக்கு மின்சாரம் வராமல் தடுக்கத்தான் கம்பியின் நடுவே முட்டை வடிவில் ஒரு பீங்கான் துண்டைப் பொருத்துவார்கள். சில கம்பிகளில் அது உடைந்திருக்கும்; சிலவற்றில் இருக்கவே இருக்காது.

மலைநாட்டில் இன்னொரு ஆபத்தும் உண்டு. தாங்கு கம்பியை மண்ணுக்குள் புதைத்த இரும்புத் தண்டு பிடித்திருக்கிறது. அந்தத் தண்டைப் பிடித்திருப்பது மண். அந்த மண்ணை மழை கரைத்தாலும், குசினி கட்டவென்று நாமே வெட்டினாலும் கம்பி தளரும், கம்பம் சாயும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வீசியபோது கண்டி மாவட்டத்தில் ஏராளமான மண்சரிவுகள் ஏற்பட்டன. பல இடங்கள் நாட்கணக்கில் மின்சாரம் இல்லாமல் இருந்தன. மண் அசைந்தால் கம்பம் நிற்காது என்பதை அப்போது கண்ணால் கண்டோம்.

சகோதரிகளே, வன்னியில் மீள்குடியேறியபோது, சிவப்புப் பலகையில் மண்டையோடு கண்டால் பிள்ளையின் கையைப் பிடித்து நிறுத்தினீர்கள். மிதிவெடிக்குப் பயந்து நடக்கப் பழகியவர்கள் நாங்கள். முற்றத்துக் கம்பிக்குப் பலகை இல்லை. ஆகவே பிள்ளைக்கு நாம்தான் சொல்லவேண்டும்.

இவற்றை மறவாதீர்கள்:

தாங்கு கம்பியில் உடுப்புக் காயப்போடாதீர்கள். ஆடு, மாடு கட்டாதீர்கள். கொடி படர விடாதீர்கள்.

அது இறங்கும் இடத்தில் மண் வெட்டாதீர்கள். இடைஞ்சல் என்று அதை நீங்களாக அவிழ்க்கவும் வேண்டாம்.

அறுந்து விழுந்த கம்பிக்குக் கிட்டப் போகாதீர்கள். குறைந்தது 10 மீற்றர், அதாவது ஒரு பஸ்ஸின் நீளம், தள்ளி நில்லுங்கள். ஈர நிலத்திலும் மின்சாரம் பரவும். வீட்டுக்கு வருவது 230 வோல்ற். வீதி லயனில் 11,000 அல்லது 33,000 வோல்ற்றும் இருக்கலாம். தடியால் தள்ளிப் பார்ப்பது உயிருக்கே ஆபத்து.

ஒருவரை மின்சாரம் பிடித்திருந்தால் அவரைத் தொடாதீர்கள். வீட்டுக்குள் என்றால் முதலில் மெயின் சுவிட்சை நிறுத்துங்கள். வீதியில் என்றால் தள்ளி நின்று உடனே மின்சார அலுவலகத்துக்கு அறிவியுங்கள்.

"ஆம்பிளை இல்லாத வீடு, கந்தோருக்கு ஆர் போறது?" என்று அந்த அக்கா கேட்டார். முறைப்பாடு கொடுக்க ஆம்பிளை தேவையில்லை. மின்பட்டியலில் தொலைபேசி இலக்கமும் உங்கள் கணக்கிலக்கமும் இருக்கின்றன. கம்பத்தில் இலக்கம் எழுதியிருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். தொலைபேசியில் சொன்னபின் கடிதமும் கொடுங்கள். பிரதியில் திகதியும் கையொப்பமும் வாங்கிக்கொள்ளுங்கள். கிராம அலுவலருக்கும் பிரதேச செயலாளருக்கும் ஒவ்வொரு பிரதி கொடுப்பது நல்லது.

சிங்களம் தெரியாதே என்று தயங்கவேண்டாம். 1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. தமிழிலேயே எழுதலாம். பதில் வராவிட்டால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கடிதத்துக்கு என்ன நடந்தது என்று கேட்கலாம்.

இன்னொரு விடயம். வசதிக்காகக் கம்பத்தை இடம் மாற்றக் கேட்டால் செலவைக் கட்டச் சொல்வார்கள். சாய்ந்த கம்பத்தையும் தளர்ந்த கம்பியையும் சரிசெய்வது அவர்களது கடமை. இரண்டையும் ஒரே கடிதத்தில் கலக்காதீர்கள். ஆபத்தை மட்டும் எழுதுங்கள். அக்கா அப்படித்தான் நான்கு வரியில் தன் கையால் எழுதிக் கொடுத்தார். ஆட்கள் வந்து தண்டைப் புதிதாக இறக்கி, உடைந்த பீங்கானையும் மாற்றிவிட்டுப் போனார்கள்.

எத்தனையோ ஆபத்துகளைக் கடந்து பிள்ளைகளைக் கொண்டுவந்து சேர்த்தவர்கள் நீங்கள். இந்த மழைக்காலத்துக்கு முன் ஒருமுறை வெளியே வந்து, உங்கள் வளவுக் கம்பம் நேராக நிற்கிறதா என்று பாருங்கள். பக்கத்து வீட்டுக்காரியையும் பார்க்கச் சொல்லுங்கள்.