விமர்சனத்திற்கும் நாணயம் வேண்டும்

புதிய திரைப்படம் ஒன்று வெளியாகிறது. முதற்காட்சி முடியுமுன்னரே, "பார்க்கலாம்", "பார்க்க வேண்டாம்" என்னும் தீர்ப்புகள் கைப்பேசிகளில் வந்து குவிந்துவிடுகின்றன. இராஜாக்கமங்கலம் போன்ற கடலோரச் சிற்றூரிலும் இதே நிலைதான். திரையரங்கின் வாசலை மிதியாத வீடுகளுக்குள்ளும் திரை விமர்சனம் நுழைந்துவிட்டது. எனவே, "சினிமாவுக்கும் நமக்கும் என்ன தொடர்பு?" என்று பெற்றோர் ஒதுங்கிக்கொள்ள இயலாது. படம் நல்லதா, தீயதா என்று கேட்பதற்கு முன், அதைப் பற்றி நம் பிள்ளைகளுக்குச் சொல்பவர் நம்பத்தகுந்தவர்தாமா என்று கேட்டாக வேண்டும்.

வழக்குமன்றம் ஏறிய விமர்சனம்

2024 நவம்பரில் 'கங்குவா' வெளியானபோது, யூடியூப் விமர்சகர்கள் பலர் அதனைக் கடுமையாகச் சாடினர். அதனையொட்டி, படம் வெளியான முதல் மூன்று நாள்களுக்குச் சமூக ஊடகங்களில் விமர்சனம் செய்யத் தடை விதிக்கக் கோரி, தமிழ்த் திரைப்பட நடப்புத் தயாரிப்பாளர்கள் சங்கம் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடியது. விமர்சனம் என்பது கருத்துச் சுதந்திரத்தைச் சேர்ந்தது எனக் கூறி, இடைக்காலத் தடை விதிக்க நீதிமன்றம் அவ்வாண்டு டிசம்பரில் மறுத்துவிட்டது.

கேரளத்திலும் இதற்கு முந்தைய ஆண்டே இத்தகைய வழக்கு எழுந்தது. படம் வெளியாகி 48 மணி நேரம் விமர்சகர்கள் பொறுத்திருக்கலாம் என்று, அங்கே நீதிமன்றத்திற்கு உதவ அமர்த்தப்பட்ட வழக்கறிஞர் 2024இல் பரிந்துரைத்தார். 1956 வரை திருவிதாங்கூரோடு இணைந்திருந்த நம் குமரி மாவட்டத்தில் மலையாளப் படங்களுக்கும் பார்வையாளர் உண்டு. ஆகவே, இரு வழக்குகளுமே நமக்கு அந்நியமானவை அல்ல.

தயாரிப்பாளர்களின் குறையை முற்றிலும் தள்ளிவிட முடியாது. ஒரு படத்தில் நூற்றுக்கணக்கானோரின் உழைப்பு அடங்கியிருக்கிறது. முதல் சில நாள்களின் வசூலே அதன் தலைவிதியை நிர்ணயிக்கிறது. பணம் பெற்றுக்கொண்டு புகழ்வதும், பணம் கிடைக்காவிடில் இகழ்வதும் அநீதியே. ஆனால், கள்ள நாணயம் புழங்குகிறது என்பதற்காகக் கடைத்தெருவையே மூடிவிடுவது முறையாகுமா?

மாற்றுப் பார்க்கும் கலை

அரபு மொழியில் விமர்சனத்தை 'நக்த்' என்பர். நல்ல திர்ஹத்தையும் போலித் திர்ஹத்தையும் சோதித்துப் பிரிக்கும் நாணயப் பரிசோதகரின் தொழிலிலிருந்து வந்த சொல் அது. கவிதையின் தரத்தை ஆராய்ந்து குதாமா இப்னு ஜஃபர் பத்தாம் நூற்றாண்டில் எழுதிய நூலின் பெயரே 'நக்துஷ் ஷிஃர்' என்பதாகும். வியப்பு என்னவெனில், ரொக்கப் பணத்திற்கும் அதே 'நக்த்' என்னும் சொல்தான்! தமிழிலும் 'நாணயம்' காசையும் குறிக்கும்; நேர்மையையும் குறிக்கும். காசைச் சோதிக்க வேண்டியவனே காசுக்கு விலைபோனால், பிறகு உரைகல்லை எங்கே தேடுவது?

விமர்சனம் வேறு; புறம் பேசுதல் வேறு. இந்த வேறுபாட்டை மறந்ததன் கேட்டைத் தமிழகம் முன்பே கண்டிருக்கிறது. நடிகர், நடிகையரின் அந்தரங்கத்தை எழுதிப் பிழைத்த 'இந்து நேசன்' பத்திரிகையின் ஆசிரியர் லட்சுமிகாந்தன் 1944 நவம்பரில் சென்னையில் குத்துண்டு மாண்டார். அவ்வழக்கில் எம்.கே. தியாகராஜ பாகவதரும், நம் நாகர்கோவில் ஒழுகினசேரியில் பிறந்த கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனும் சிறை சென்றனர். 1947இல்தான் அவர்கள் விடுதலையாயினர். அவதூறு எழுதியவர் உயிரிழந்தார். குற்றமற்றவர்கள் என்று பின்னர் விடுவிக்கப்பட்ட கலைஞர்கள் வாழ்வின் பொன்னான ஆண்டுகளை இழந்தனர். கீபத்தின் தீமைக்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ?

முன்மாதிரிகள்

நல்ல விமர்சகர்களுக்கும் நம்மிடையே பஞ்சமில்லை. பானிப்பட்டில் பிறந்த குவாஜா அஹ்மத் அப்பாஸ், 'பம்பாய் கிரானிக்கிள்' நாளேட்டில் திரை விமர்சகராக இருந்தவர். பின்னர்த் தாமே படம் எடுத்தார். தமது குறும்படத்தின் தணிக்கையை எதிர்த்து அவர் தொடுத்த வழக்கில், 1970இல் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி எம். ஹிதாயத்துல்லாஹ் தீர்ப்பு எழுதினார். திரைப்படம் பிற கலைகளைவிட ஆழமாக உணர்ச்சிகளைத் தூண்டுவதால் முன்தணிக்கை செல்லும் என்றும், ஆயினும் கலைக்கு இடமளிக்கும் வகையில் விதிகள் அமைய வேண்டும் என்றும் அத்தீர்ப்பு கூறியது. தமிழில், 'துக்ளக்' இதழில் விமர்சனம் எழுதிய மகேந்திரன், 1979இல் 'உதிரிப்பூக்கள்' என்னும் படத்தைத் தந்தார்.

நமது பங்கு என்ன?

2013இல் 'விஸ்வரூபம்' படத்தை எதிர்த்து நம் சமுதாய அமைப்புகள் குரல் கொடுத்தன. அரசு தடை விதித்தது; பேச்சுவார்த்தைக்குப் பின் சில காட்சிகள் மாற்றப்பட்டுப் படம் வெளிவந்தது. கோபத்திற்கு நியாயம் இருந்திருக்கலாம். ஆனால், கோபம் ஒரு மாதத்தில் ஆறிவிடும். ஆதாரத்தோடு எழுதப்பட்ட விமர்சனம் நிலைத்து நிற்கும். தொழுகைக் காட்சியை எந்த இடத்தில், எந்த இசையோடு வைக்கிறார்கள்? முஸ்லிம் பாத்திரம் தீவிரவாதியாகவோ, கதாநாயகனுக்காக உயிர் துறக்கும் நண்பனாகவோ மட்டும் ஏன் வருகிறது? இவற்றை எடுத்துக்காட்டி எழுத நம்மில் எத்தனை பேர் இருக்கிறோம்?

தேங்காய்ப்பட்டணத்தின் தோப்பில் முஹம்மது மீரான், இக்கடற்கரை முஸ்லிம்களை அவர்களின் நிறைகுறைகளோடு புதினங்களில் வரைந்து, 'சாய்வு நாற்காலி'க்காக 1997இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். அத்தகைய மனிதர்கள் திரையில் ஏன் இல்லை என்று கேட்கும் தகுதி, இவ்வாழ்வை உள்ளிருந்து அறிந்த நம் பிள்ளைகளுக்கே உண்டு.

விமர்சிக்க விரும்பும் இளைஞர்கள் சில நெறிகளைக் கைக்கொள்ளட்டும். படத்தை முழுமையாகப் பார்க்காமல் கருத்துரைக்கக் கூடாது. குறை சொன்னால் காட்சியைச் சுட்டிச் சொல்ல வேண்டும். படைப்பைப் பேசலாம், படைத்தவரின் குடும்பத்தைப் பேசலாகாது. பணமோ சலுகையோ பெற்றிருந்தால் அதை மறைக்கக் கூடாது.

பெற்றோருக்கும் ஒரு கடமை உண்டு. 2024ஆம் ஆண்டின் புதிய விதிகளின்படி, யு/ஏ சான்றிதழ் இப்போது 7, 13, 16 என்று வயதுவாரியாகப் பிரிக்கப்பட்டுள்ளது. அந்த எண் பெற்றோருக்கான வழிகாட்டுதலே. வாசலில் யாரும் தடுக்கமாட்டார்கள். முடிவெடுக்க வேண்டியவர்கள் தாயும் தந்தையுமே. எனவே, பிள்ளை ஒரு விமர்சனத்தைக் காட்டும்போது சீறி விழாதீர்கள். "இவர் சொல்வதற்கு என்ன ஆதாரம்?" என்று கேளுங்கள். செய்தியைத் தீர விசாரித்தறியும் பழக்கம் அங்கிருந்தே தொடங்கட்டும்.