வள்ளியம்மாள் கதை ராப் ஆனது

2021 மார்ச் 7 அன்று யூடியூபில் வெளியான ‘எஞ்சாய் எஞ்சாமி’ சினிமா தயவில்லாமலே பட்டிதொட்டியெங்கும் ஒலித்தது. சந்தோஷ் நாராயணன் தயாரிப்பில் தீயும் அறிவும் பாடிய பாட்டு. ஒப்பாரியின் இழுவையும் ராப்பின் வேகமும் அதில் கைகோத்தன.

அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்தவர். காணொளியிலும் வருகிறார். தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்தும் அப்படிக் கொழும்புக்குக் கப்பலேறிய கூலிக் குடும்பங்கள் ஏராளம். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் லட்சக்கணக்கானோர் திருப்பி அனுப்பப்பட்டார்கள். காடு திருத்தியவர்களுக்குக் காணி இல்லை என்ற ஆற்றாமையைக் குழந்தைகளும் ஆடும் மெட்டில் சொன்னது பெரிய சாதனை.

பாட்டை எழுதிய அறிவின் முகம்தான் முன்னால் நின்றிருக்க வேண்டும். ஆனால் அந்த ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா அட்டையில் தீ இருந்தார், அறிவு இல்லை. இயக்குநர் பா. ரஞ்சித் வெளிப்படையாகக் கண்டித்தார். எதிர்ப்பு வலுத்தபின் அறிவுக்குத் தனி டிஜிட்டல் அட்டை வந்தது.