சொல்லிசையின் ஈற்றியைபும் தமிழ் எதுகையும்: மும்பைத் தமிழ் வழக்கை முன்வைத்துச் சில குறிப்புகள்

‘ராப்’ எனப்படும் இசைவகையைத் தமிழில் ‘சொல்லிசை’ என்று குறிக்கும் வழக்கு இன்று பரவலாக ஏற்கப்பட்டுள்ளது. நன்னூல் பயின்றோர்க்கு அச்சொல்லைக் கேட்டவுடன் அளபெடை நினைவுக்கு வருதல் இயல்பே. ‘நசை’ என்னும் பெயர் ‘நசைஇ’ என நீண்டு வினையெச்சமாவதே இலக்கணம் கூறும் சொல்லிசை. ஒலியின் நீட்சி சொல்லின் வகையையே மாற்றிவிடும் ஒரு மொழியில், ஒலியை முதன்மையாகக் கொண்ட கலைவடிவம் ஒன்று புகும்போது அதன் யாப்பு எவ்வாறு திரிபடைகிறது என்பதே இக்கட்டுரையின் பொருள். சான்றுக்களமாகச் சென்னையையோ கோலாலம்பூரையோ கொள்ளாமல் மும்பையைக் கொள்வதற்குக் காரணம் உண்டு. தமிழ் பேசவும் கேட்கவும் வாய்ப்பிருந்தும் எழுதக் கற்கும் வாய்ப்புக் குறைந்துவரும் ஒரு பேச்சுச் சமூகத்தில், இக்கலை அச்சமூகத்தின் மொழிக்கு அரிதான ஆவணமாகிவிடுகிறது.

சொல்லிசையின் பொதுவரலாறு இங்கு விரிவாகத் தேவையில்லை. 1973ஆம் ஆண்டு ஆகஸ்டு 11ஆம் நாள் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில், ஜமைக்காவில் பிறந்த கூல் ஹெர்க் நடத்திய இசைவிருந்தை இதன் பிறந்தநாளாகக் கொள்வர். 1979இல் வெளிவந்த ‘ராப்பர்ஸ் டிலைட்’ இதனை இசைத்தட்டு வணிகத்துள் கொணர்ந்தது. 1982இல் ‘தி மெசேஜ்’ சேரி வாழ்வைப் பாடுபொருளாக்கியது. யாப்பு நோக்கில் முதன்மையான திருப்பம் 1987இல், எரிக் பி - ராக்கிம் இணையரின் ‘பெய்டு இன் ஃபுல்’ தொகுப்பில் நிகழ்ந்தது எனலாம். அதுவரை ஈரடிக் கண்ணிகளின் இறுதியில் மட்டும் பெரிதும் நின்ற இயைபு, ராக்கிமின் கையில் அடியின் நடுவிலும் பரவியது. ஓரசை இயைபு பலவசை இயைபாயிற்று. பின்வந்தோர் பலர் இவ்வழியைப் பின்பற்றியே வளர்ந்தனர். 2018இல் கென்ட்ரிக் லாமரின் ‘டேம்’ தொகுப்புக்குப் புலிட்சர் பரிசு வழங்கப்பட்டபோது, செவ்வியல் இசைக்கும் ஜாஸுக்கும் அப்பாற்பட்ட ஒரு படைப்பு அவ்விசைப் பரிசினை முதன்முறையாகப் பெற்றது.

ஆங்கிலத்தில் ஈற்றியைபு ஓர் அருமைப்பாடு. ஓரடியின் இறுதியில் எந்தச் சொல்லும் நிற்கக்கூடும். அதற்கு ஒத்த ஓசையுடைய பிறிதொரு சொல்லைத் தேடிப் பிடிப்பதில்தான் பாடுவோனின் திறன் வெளிப்படும். தமிழில் நிலைமை வேறு. வினைமுற்று இறுதியில் நிற்பதும், அதன் ஈற்றில் காலமும் திணை பால் எண் இடமும் விகுதிகளாக ஒட்டி நிற்பதும் தமிழின் இயல்பு. ‘வந்தான், தந்தான், நின்றான், சென்றான்’ என எத்தனை அடிகளை வேண்டுமாயினும் முயற்சியின்றி இயைத்துவிடலாம். எளிதில் கிடைப்பதால் அவ்வியைபுக்கு மதிப்பில்லை. தமிழ் யாப்பு இயைபினை அறியாததன்று. தொடைகளுள் ஒன்றாக அதனையும் யாப்பருங்கலக்காரிகை கூறுகிறது. ஆயினும் மரபுச் செய்யுளில் பெருவழக்குப் பெற்றவை அடியின் தலைப்பகுதியில் அமையும் எதுகையும் மோனையுமே. ஒட்டுநிலை மொழி ஒன்றில் சொல்லின் வேர் முன்னும் விகுதி பின்னும் நிற்பதால், பொருள் செறிந்த பகுதியில் ஓசையொப்புமையைத் தேடிய புலவர் மரபு மொழியின் போக்கறிந்தே அவ்வாறு செய்தது எனல் பொருந்தும்.

எனவே தமிழில் சொல்லிசை இயற்றத் தொடங்கியோர் ஓர் இடர்ப்பாட்டைச் சந்தித்தனர். இரவல் பெற்ற வடிவம் அடியின் இறுதியில் நயத்தை எதிர்பார்க்கிறது; மொழியோ அடியின் தொடக்கத்தில் அதனை வழங்குகிறது. கடந்த முப்பது ஆண்டுகளில் இவ்விடர்ப்பாட்டுக்குக் காணப்பட்ட தீர்வுகளின் வரலாறே தமிழ்ச் சொல்லிசையின் வரலாறு என்று கூறினும் மிகையாகாது.

முதல் தீர்வு, அடியின் இறுதியில் வினைக்கு மாறாகப் பெயரை, குறிப்பாக ஆங்கிலப் பெயரை, நிறுத்துவது. 1994இல் வெளிவந்த ‘காதலன்’ திரைப்படத்தின் ‘பேட்டை ராப்’ சென்னைப் பேச்சுவழக்கை இவ்வடிவத்துள் கொணர்ந்த தொடக்க முயற்சிகளுள் ஒன்று. மலேசியாவில் ‘பொயட்டிக் அம்மோ’ குழுவினர் 1998இல் ஆங்கிலம், மலாய், தமிழ், கான்டனீசு ஆகிய மொழிகளில் பாடல்களைக் கொண்ட ஒரு தொகுப்பை வெளியிட்டனர். அக்குழுவிலிருந்து வந்த யோகி பி, ‘நட்சத்ரா’ குழுவினருடன் 2006இல் வெளியிட்ட ‘வல்லவன்’ தமிழ்ச் சொல்லிசைக்குத் தனித்தொகுப்பு என்னும் தகுதியைப் பெற்றுத் தந்தது. 2011இல் ‘ஹிப்ஹாப் தமிழா’ இணையர் யூடியூப் வழியே புகழ் பெற்றபின் தமிழகத்தில் இவ்வடிவம் கல்லூரி மாணவரிடையே பெருகிற்று.

ஆங்கிலப் பெயரை இறுதியில் நிறுத்துவதிலும் தமிழ் தன் விதியை விட்டுக்கொடுப்பதில்லை. வல்லின மெய்யில் முடியும் அயற்சொற்கள் தமிழர் நாவில் உகரம் பெறுகின்றன. ‘ரோடு’, ‘லோடு’ என்பன இவ்வாறு தமிழாகி, ‘ஓடு’, ‘மாடு’, ‘வீடு’ ஆகியவற்றின் வரிசையில் குற்றியலுகரமாகச் சேர்ந்துவிடுகின்றன. ஈற்றின் வேறுபாட்டுக்காகக் கடன் வாங்கிய சொற்கள் இறுதியில் ஒரே ஈறு பெற்று நிற்பது சுவையான முரண்.

மும்பைத் தமிழில் கடன்சொற்களின் தன்மையே வேறு. அதனைக் காண்பதற்கு முன் அவ்வழக்கைப் பேசுவோர் குறித்துச் சில சொல்ல வேண்டும்.

தாராவியில் தமிழர் குடியேற்றம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிற்று. திருநெல்வேலிப் பகுதியிலிருந்து வந்த முசுலிம்களும் ஆதிதிராவிடரும் அங்குத் தோல் பதனிடும் தொழிலை வளர்த்தனர். 1924இலேயே அங்கு ஒரு தமிழ்ப் பள்ளி அமைந்தது. மாட்டுங்காவில் குடியேறிய அலுவலக வர்க்கத் தமிழரின் வழக்கு இதனின்றும் வேறானது. அது நூல்நிலையங்களோடும் இசைச்சபைகளோடும் வளர்ந்தது. செம்பூருக்கு அப்பால் டிராம்பேயில் உள்ள சீத்தா கேம்ப்பின் கதை மூன்றாவது வகை. அணு ஆராய்ச்சி நிலையத்தை ஒட்டியிருந்த ஜனதா காலனி, நெருக்கடிநிலைக் காலத்தில், 1976இல், அகற்றப்பட்டது. அங்கு வாழ்ந்த ஏறத்தாழ 70,000 பேர் சதுப்பு நிலத்தை ஒட்டிய இவ்விடத்திற்குப் பெயர்க்கப்பட்டனர். அவ்வகற்றலை எதிர்த்துப் போராடியவர்களுள் முதல்வரான ஜோக்கின் அற்புதம் கோலார் தங்கவயலில் பிறந்த தமிழர், தேசியக் குடிசைவாழ்வோர் கூட்டமைப்பை நிறுவியவர், 2000ஆம் ஆண்டு மகசேசே விருது பெற்றவர், 2018இல் மறைந்தார். மொழியியலாருக்கு இந்நிகழ்ச்சியில் கருதத்தக்கது ஒன்றுண்டு. மக்கள் சிதறடிக்கப்படாமல் திரளாகவே பெயர்க்கப்பட்டதால், தமிழும் உருதும் மலையாளமும் மராத்தியும் அண்டை வீட்டாரிடையே வழங்கிய பழைய உறவுநிலை புதிய இடத்திலும் தொடர இடம் கிடைத்தது.

இச்சூழலில் வளர்ந்த தமிழில் மராத்தி, இந்திச் சொற்கள் இயல்பாகப் புழங்குகின்றன. தெருமுனை ‘நாக்கா’, குடியிருக்கும் ஓரறை ‘கோலி’. இவை ஆகாரத்திலும் இகரத்திலும் முடிவதால் உகரம் ஏற்க வேண்டிய தேவை இல்லை. சென்னைச் சொல்லிசையின் ஈற்றில் கேட்கும் உகர ஓசைக்கு மாறாக, மும்பை வழக்கில் ஈறுகள் திறந்து ஒலிப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று கருதலாம்.

இதனினும் முக்கியமானது இரண்டாம் தீர்வு. விளக்கத்தின் பொருட்டு யாமே புனைந்த ஈரடிகளை இங்குத் தருகிறோம்:

நாக்காவிலே நிக்கிறவன் நாலுபாஷை படிச்சவன்டா
ஏக்கர்நிலம் ஊரிலிருக்கு எட்டடிதான் கோலியடா

இவ்வடிகளின் ஈற்றில் உள்ள ‘டா’ இயைபு என்று சொல்லத்தக்கதன்று. தாளம் முடிந்ததை அறிவிக்கும் அசையே அது. உண்மையான கட்டுமானம் தலையில் உள்ளது. ‘நாக்கா - ஏக்கர்’ என்பது அடியெதுகை. ‘நாக்கா - நாலு’, ‘ஏக்கர் - எட்டடி’ என்பன முதற்சீரிலும் மூன்றாம் சீரிலும் வந்த பொழிப்பு மோனை. மராத்திச் சொல்லும் ஆங்கிலச் சொல்லும் எதுகையில் இணைய, வடமொழிச் சொல் ஒன்று மோனையில் சேர்கிறது. சொல்லின் பிறப்பிடம் எதுகைக்கு ஒரு பொருட்டன்று. அது கேட்பது இரண்டாம் எழுத்தை மட்டுமே. மொழிக்கலப்பு மிகுந்த வழக்கு யாப்பு மரபைச் சிதைக்கும் என்ற பொதுக்கருத்து இங்குப் பொய்த்துப்போகிறது. இலக்கணம் பயிலாத இளைஞர், நாட்டுப்புறப் பாடலிலும் திரைப்பாடலிலும் கேட்டுப் பழகிய செவியால் இதனைச் செய்ய இயலும்.

தாளத்திலும் இத்தகைய உறவு உண்டு. சொல்லிசையின் அடிப்படை நான்கு எண்ணிக்கை கொண்ட சதுரச்ர நடை. 2013இல் ‘மிகோஸ்’ குழுவினரின் ‘வெர்சாச்சி’ பாடலால் பரவிய மும்மைநடை நமக்குத் திசிரம். சந்தக்குழிப்பு அறிந்தவர்க்கு இது புதுமையன்று. போட்டிப் பாட்டு என்னும் கூறினை எடுத்துக்கொண்டால் மராட்டிய நாட்டுக்கும் தமிழுக்குமான பழைய தொடர்பொன்று தென்படுகிறது. தஞ்சை மராட்டியர் ஆட்சியோடு தமிழகம் வந்த லாவணி, காமன் பண்டிகையில் ‘எரிந்த கட்சி’, ‘எரியாத கட்சி’ என இருபுறமும் நின்று மறுமொழிப் பாட்டாக வளர்ந்தது. மராத்தியிலிருந்து தெற்கே சென்ற வாதப்பாட்டு ஒன்றிருக்க, அமெரிக்காவிலிருந்து வந்த வாதப்பாட்டை மராட்டிய மண்ணில் தமிழ் இளைஞர் பாடுகின்றனர். இவ்விரண்டிற்கும் நேரடித் தொடர்பு காட்டுதல் மிகையாகும். ஆயினும் ஒப்பாய்வுக்கு நல்ல பொருள்.

மும்பைச் சொல்லிசையை நாடறியச் செய்தது 2015இல் வெளிவந்த ‘மேரே கல்லி மே’. அந்தேரியின் டிவைனும் குர்லாவின் நேசியும் பாடிய அப்பாடல் பம்பாய் இந்திக்கு மதிப்பளித்தது. 2019இல் ‘கல்லி பாய்’ திரைப்படம் அதனை வணிகவெற்றியாக்கியது. ஆனால் தாராவி இந்தியில் மட்டும் பாடவில்லை. ‘டோப்அடெலிக்ஸ்’ குழுவினர் இந்தி, மராத்தி, தமிழ், ஆங்கிலம் ஆகியவற்றில் பாடுவோர். பா. இரஞ்சித் இயக்கிச் சந்தோஷ் நாராயணன் இசையமைத்த ‘காலா’வில் (2018) அவர்கள் பங்கேற்றபோதுதான் தாராவித் தமிழ்ச் சொல்லிசை தமிழகத்திற்கு முறையாக அறிமுகமாயிற்று என்று சொல்லலாம்.

‘காலா’ மொழிபெயர்ப்பாளர்க்கு ஒரு கடினமான வினாவை முன்வைத்தது. அப்படம் இந்தியிலும் தெலுங்கிலும் மொழிமாற்றம் செய்யப்பட்டது. தமிழ் மூலத்தில் தமிழுக்கிடையே வரும் இந்தித் தொடர், பேசுவோர் வாழும் நகரத்தையும், அங்கு அதிகாரம் எந்த மொழியில் பேசுகிறது என்பதையும் காட்டும் அடையாளம். இந்தி வடிவில் எல்லாம் இந்தியாகிவிடுவதால் அவ்வெல்லைக்கோடு மறைகிறது. பொருள் சிதையவில்லை, மொழித் தேர்வின் பொருள் அழிந்தது. மூலத்தின் கலப்புமொழி இலக்குமொழியாகவே இருக்கும்போது, அதற்கு ஈடாகத் தமிழை அயற்கூறாக அங்கு நிறுத்துவதே ஏற்ற வழி என்பது எமது கருத்து. துணைத்தலைப்பிலும் வேறுபட்ட எழுத்துருவால் இதனைக் காட்ட முடியும்.

இனி இவ்வடிவம் செல்லும் திசை. தமிழகத்தில் 2018 ஜனவரியில் முதல் அரங்கேற்றம் கண்ட ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ கானாவையும் சொல்லிசையையும் இணைத்தது. அதில் பங்குபெற்ற அறிவு, ‘தெருக்குரல்’ தொகுப்பிலும் 2021இல் தீயுடன் பாடிய ‘எஞ்சாய் எஞ்சாமி’யிலும் ஒப்பாரியின் சொல்வளத்தைப் பயன்கொண்டார். ஆங்கிலப் பெயரால் ஈற்றை நிரப்பிய காலம் போய், கிளைமொழிச் சொல்லால் அடியின் தலையை நிரப்பும் காலம் வந்துள்ளது.

இதற்கு எதிரான ஒரு போக்கும் உண்டு. குரல்திருத்த மென்பொருளின் துணையால் சொல்லிசை மீண்டும் இன்னிசையாகி வருகிறது. உயிரொலியை நீட்டுவதால் ஆங்கிலத்திற்கு நேரும் இழப்புச் சிறிது. குறில், நெடில் வேறுபாட்டால் பொருள் வேறுபடும் தமிழுக்கு அது பெரிது. ‘விடு’ நீண்டால் ‘வீடு’. ‘படு’ நீண்டால் ‘பாடு’. எல்லாப் பாடலிலும் இவ்விடர் உண்டெனினும், நிமிடத்திற்கு இத்தனை சொல் என விரைந்து ஓடும் வடிவில் சூழலை வைத்துப் பொருளை ஊகிக்கக் கேட்போனுக்கு நேரம் கிடைப்பதில்லை.

மும்பைக்குத் தனியான இடர் எழுத்தைப் பற்றியது. ஆங்கில, இந்தி வழிப் பள்ளிகளில் பயின்றோர் தமிழ்ப் பாடலையும் உரோமன் அல்லது தேவநாகரி எழுத்தில்தான் எழுத முடியும். நடைமுறைத் தேவநாகரியில் எகர, ஒகரக் குறில்கள் தனியே காட்டப்படுவதில்லை. ழகரமும் றகரமும் கற்பிக்கப்படுவதில்லை. தமிழ் எழுத்திலும் குறைபாடு இல்லாமலில்லை. அறையைக் குறிக்கும் மராத்திச் சொல்லின் மூச்சொலியை நாம் எழுத முடியாததால், ‘கோலி’ என்பது சிறுவர் உருட்டும் கோலிக்குண்டோடு மயங்குகிறது. தாராவியின் பூர்வகுடிகளான மீனவர் பெயரோ ‘கோளி’. உரோமன் எழுத்தில் லகர ளகர வேறுபாடும் மறைந்துவிடும். மூன்று எழுத்துமுறைகளும் மூன்று வகையில் எதுகையை மறைப்பதால், எழுதப்பட்ட படியைக் கொண்டு இப்பாடல்களின் யாப்பை ஆராய்தல் இயலாது. ஒலிப்பதிவே மூலபாடம்.

இப்பணிக்குக் கால எல்லையும் உண்டு. தாராவி மறுசீரமைப்புத் திட்டம் 2022இல் ஒப்பந்தப்புள்ளி முடிந்து அதானி குழுமத்திடம் சென்றது. 2000ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் நாளுக்கு முன் தரைத்தளத்தில் குடியிருந்தோருக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு என்பதும், பின்வந்தோர்க்கும் மேல்தளங்களில் வாழ்வோர்க்கும் மும்பையின் பிற பகுதிகளில் இடம் என்பதும் திட்டம். 1976இல் ஜனதா காலனி மக்கள் ஒருசேரப் பெயர்ந்தனர். இங்கோ ஒரே சந்தின் கீழ்வீடும் மேல்வீடும் வெவ்வேறு இடங்களுக்குப் பிரியக்கூடும். மொழிக்கலப்பின் அலகு நகரமன்று, சந்து. ஆகவே இப்பாடல்களைப் பதிவுசெய்வோர் பாடியவரின் பெயரோடும் ஆண்டோடும் நிறுத்தாமல், அவர் வளர்ந்த சந்து, பயின்ற பள்ளியின் பயிற்றுமொழி, பாடலை முதலில் எழுதிவைத்த எழுத்து ஆகிய மூன்றையும் உடன் குறித்தல் வேண்டும். சீத்தா கேம்ப்பில் இப்பதிவை முதலில் தொடங்குதல் தகும். ஒருமுறை இடம்பெயர்ந்தபின் ஐம்பது ஆண்டுகள் நிலைத்த பேச்சு அங்குள்ளதால், இனிப் பெயரவிருக்கும் தாராவிப் பேச்சை ஒப்பிட அதுவே அளவுகோலாகும்.