கடலை திரவமா?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. இயற்பியல்)

திடப்பொருளுக்கு வடிவமும் பருமனும் உண்டு. திரவத்திற்குப் பருமன் மட்டும் உண்டு. வாயுவுக்கு இரண்டும் இல்லை. பள்ளியிலேயே நாம் மனப்பாடம் செய்த பாடம் இது. சென்ற ஆண்டு எனக்கு இதில் ஓர் ஐயம் எழுந்தது. சாக்கில் இருக்கும் வேர்க்கடலை சாக்கின் வடிவில் இருக்கிறது; படியில் கொட்டினால் படியின் வடிவைப் பெறுகிறது. அப்படியானால் கடலை திரவமா? வகுப்பில் கேட்டேவிட்டேன். சிரிப்பு அடங்கச் சற்று நேரமாயிற்று. "கடலை நினைவு எப்படி வந்தது?" என்றார் பேராசிரியர். அம்மா சந்தையில் கடலை விற்பவர் என்பதை அன்றுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "அம்மா குவித்து அளப்பார்களா, தலை தட்டி அளப்பார்களா?" என்று கேட்டார்.

விடை அக்கேள்விக்குள்ளேயே இருந்தது. கடலை படிக்கு மேல் கோபுரமாக நிற்கும். தண்ணீர் விளிம்புக்கு மேல் மயிரிழை பிதுங்கலாம், கோபுரம் கட்டாது. அதன் மூலக்கூறுகள் நெருங்கியிருந்தும் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குவதால் மட்டமாகும் வரை ஓடும். கடலையிலோ ஒவ்வொரு மணியும் தன் வடிவை விடுவதில்லை. மணிகளுக்கிடையே உள்ள உராய்வு சரிவைத் தாங்குகிறது. படியின் வடிவைப் பெற்றது குவியல், கடலை அன்று.

பருமனிலும் ஒரு வேடிக்கை உண்டு. "நல்லாக் குலுக்கி அளம்மா" என்பார்கள் வாடிக்கைக்காரர்கள். குலுக்கினால் மட்டம் இறங்கும். மணி எதுவும் சுருங்குவதில்லை; இடையில் இருந்த காற்றுதான் வெளியேறுகிறது. ஒரே அளவுள்ள உருண்டைகளைத் தளர்வாகக் கொட்டினால் இடத்தில் ஏறத்தாழ 60 விழுக்காட்டை நிரப்பும். குலுக்கினால் 64 வரை போகும். கடலை சரியான உருண்டையன்று. ஆயினும் அம்மாவின் இலாபம் இப்படிப்பட்ட இடைவெளியில்தான் இருக்கிறது!

எண்ணெய்க் கடையில் யாரும் குலுக்கச் சொல்வதில்லை. திரவத்தில் அத்தகைய இடைவெளி இல்லை. வளிமண்டல அழுத்தத்தை இரட்டித்தாலும் தண்ணீர் ஏறத்தாழ 20,000-இல் ஒரு பங்குதான் சுருங்கும். காற்றோ, வெப்பநிலை மாறாதிருந்தால், பாதியாகிவிடும். வாயுவைப் படியால் அளக்க முடியாததன் காரணம் இதுவே.

இதை வீட்டில் விளக்கியபோது அம்மா, "சிலிண்டரை ஆட்டினா தண்ணி மாதிரி தளும்புதேப்பா?" என்றார். உள்ளே அழுத்தத்தால் திரவமாக இருப்பது, வெளியே வரும்போது ஏறத்தாழ 250 மடங்கு விரிந்து வாயுவாகிறது, அதனால்தான் 14.2 கிலோ என்று எடை போட்டுத் தருகிறார்கள் என்றேன்.

"அப்ப அங்கே குலுக்கச் சொல்ல முடியாது" என்று கூறிவிட்டு, படியை எடுத்துக்கொண்டு சந்தைக்குக் கிளம்பினார்.