நூலாக இழுபடும் கிருமி

குளிர்காய்ச்சல், வலது விலாவுக்குக் கீழே வலி. ஸ்கேன் எடுத்தால் கல்லீரலில் சீழ்க்கட்டி. சிங்கப்பூர் மருத்துவர்களுக்கு இது பழகிய நோய். பெரும்பாலும் இதற்குக் காரணம், குடலில் சத்தமில்லாமல் குடியிருக்கும் கிளப்சியெல்லா நிமோனியே. நோயாளிகளில் பலருக்கு நீரிழிவு இருக்கும். சர்க்கரை ஏறிய உடலில் வெள்ளணுக்களின் வேகம் குறைந்துவிடுகிறது. இங்கே நீரிழிவு சீனர்களைவிட இந்தியர்களிடம் அதிகம்; தேக்காவில் பரோட்டாவுக்கு வரிசையில் நிற்பவர்களுக்கு இது யாரோ ஒருவரின் நோயல்ல.

இந்தக் கிருமியின் வீரிய வகையை அடையாளம் காண எளிய சோதனை உண்டு. ஆய்வகத் தட்டில் வளர்ந்த கிருமியைக் கம்பி வளையத்தால் தொட்டுத் தூக்கினால், நறுக்கிய வெண்டைக்காய் போல, 5 மில்லிமீட்டருக்கு மேல் நூலாக இழுபடும். இப்படி இழுபடுவது கிருமியைச் சுற்றியுள்ள சர்க்கரைப் போர்வை; அதுதான் அதன் கவசம். வெள்ளணு விழுங்க வந்தால் பிடி கிடைக்காது.

அடுத்த போராட்டம் இரும்புச்சத்துக்கு. அதைத் திருட கிருமி என்டெரோபாக்டின் என்ற மூலக்கூறை அனுப்புகிறது. உடலும் சளைத்ததல்ல, லிப்போகாலின்-2 என்ற புரதத்தால் அதை மடக்கிவிடும். வீரிய வகையோ ஏரோபாக்டின் என்ற இன்னொன்றையும் வைத்திருக்கிறது. அது லிப்போகாலினிடம் சிக்குவதில்லை.

ஒளியத் தெரிந்த இந்த வகை பெரும்பாலும் மருந்துக்குக் கட்டுப்பட்டே வந்தது. மருந்தை எதிர்க்கும் மருத்துவமனைக் கிருமிகளுக்கு இவ்வளவு வீரியம் இல்லை. இரண்டும் ஒன்றுசேர்ந்தால்? 2016இல் சீனாவின் ஹாங்ஜோவில் ஒரு தீவிர சிகிச்சைப் பிரிவில் அப்படிப்பட்ட கிருமி தொற்றிய ஐந்து பேரும் இறந்தனர். 2024இல் உலகச் சுகாதார நிறுவனமும் இத்தகைய வகைகள் பரவுவதாக எச்சரித்தது.

ஒரே மாற்றம் இரண்டு வேலை செய்வதும் உண்டு. கடைசிக் கட்ட மருந்துகளில் ஒன்றான கொலிஸ்டினைத் தடுக்க, ‘எம்ஜிஆர்பி’ மரபணுவை இழந்து மேலுறையை மாற்றிக்கொள்ளும் கிருமி, நம் உடல் சுரக்கும் கிருமிக்கொல்லிப் புரதத்துணுக்குகளையும் சேர்த்தே சமாளிக்கிறது.

சிங்கப்பூர் 2017இல் மருந்தெதிர்ப்புக்கான தேசியச் செயல்திட்டத்தை வெளியிட்டது. ஆனால் மருந்து பலிக்காமல் போனால் எதை இழப்போம் என்பதைத் தெளிவாகக் காட்டுவது, 2020இல் வெளியான இந்நகரின் மருத்துவ ஆய்வுதான். கிளப்சியெல்லா சீழ்க்கட்டி வந்த 152 பேரில் ஒரு பாதிக்கு நரம்பில் ஏற்றும் செஃப்ட்ரியாக்சோன் தொடர்ந்தது. மறுபாதிக்கு சிப்ரோஃப்ளோக்சசின் மாத்திரை. மாத்திரைக் குழுவில் 95.9 விழுக்காட்டினர் குணமடைந்தனர், ஊசிக் குழுவில் 92.3. மருந்துக்கு மசியும் கிருமி இருந்தவர்களிடம் மட்டுமே அந்த ஆய்வு நடத்தப்பட்டது.