சரளை நிலத்தின் பெயர்

கொட்டியாரக் குடாவின் பழங்கதையைப் பேசுவோர், 1660இல் இங்கே சிறைப்பட்ட ஆங்கிலேயர் றொபேட் நொக்ஸை மறவாமற் குறிப்பிடுவர். அதற்குப் பன்னீராண்டு பின்னர், 1672இல், தெ லா ஹே என்னும் தளபதியின் தலைமையிற் பிரெஞ்சுக் கப்பல்கள் இதே குடாவில் நங்கூரமிட்டதைக் குறிப்பிடுவோர் சிலரே. கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கன் அவர்களை வரவேற்றான், ஒல்லாந்தர் விட்டாரல்லர். தளபதி மயிலாப்பூர்ச் சாந்தோமைப் பிடிக்கச் சென்றார்.

அக்காலத்தில் அன்னார் நாட்டிலே, போர்தோ நகரையடுத்த ஒரு முந்திரிகைத் தோட்டத்தின் பெயர் கடல் கடக்கத் தொடங்கியிருந்தது. ஓ பிரியோன் என்பது அதன் பெயர். நான் மதுவை நாவால் அறிந்தவனல்லன். எங்கள் தோப்பூரும் அதனை விலக்கி வாழும் முஸ்லிம்களே மிகுந்த ஊர். ஆயினும் ஒரு துண்டு நிலம் ஐந்நூறாண்டுகள் தன் பெயரைக் காத்துக்கொண்ட வரலாறு குடிப்பவர்க்கு மட்டும் உரியதன்று.

பொந்தாக் குடும்பத்து ழான் என்பார் 1525இல் திருமணத்தின் வழி இந்நிலத்தோடு தொடர்புற்று, 1549இல் மாளிகை எழுப்பத் தொடங்கினார். நூறாண்டு கடந்து வாழ்ந்தார் என்பர். அவர் வழியினரே வைனை மரப்பீப்பாயிலே முதிரவைத்து, வண்டலைப் பிரித்து, குறைந்த அளவை நிரப்பிக் காக்கும் முறையை முன்னின்று வளர்த்தனர். 1663இல் இலண்டன் நாட்குறிப்பாளர் சாமுவேல் பீப்ஸ் அதனைச் சுவைத்து, பெயரைப் பிழையாக எழுதிவைத்தார். 1666இல் அக்குடும்பத்தார் இலண்டனிலேயே ஓர் உணவுச்சாலை திறந்தனர். பீப்பாயைக் கந்தகப் புகையாற் தூய்மை செய்யும் வழக்கத்தைப் பரப்பியவர், இங்கே பிரெஞ்சுக்காரரை விரட்டிய அதே ஒல்லாந்தர்தாம்! வணிகத்தில் ஏது பகை?

தத்துவ அறிஞர் ஜோன் லொக் 1677இல் அத்தோட்டத்துக்கு நேரிற் சென்றார். எதுவும் விளையாதெனத் தோன்றும் வெண்மணலும் சரளையுமே அங்குக் கண்டார். ஒரு சிறு பள்ளத்துக்கு அப்பாலுள்ள நிலத்தின் வைன் இதற்கு ஈடாகாது என்றும் கேட்டறிந்தார். அச்சரளையே அதன் செல்வம். மழைநீர் தேங்காது வடியும். பகலின் வெப்பம் கற்களிற் தங்கி இரவிலும் கொடிக்கு உதவும். நீர் தேடி வேர் ஆழச் செல்லும்.

அறுவடை முடிந்ததும் ஒவ்வொரு துண்டுநிலத்துப் பழமும் தனித்தனியே நொதிக்கவிடப்படுகிறது. மெர்லோ, கபர்னே சோவிஞோன், கபர்னே பிராங் ஆகிய இனங்களின் சாறு பின்னரே கலக்கப்படும். நொதித்தலில் எழும் வெப்பம் மிகுந்தாற் சுவை கெடும். ஆகவே 1961இல், பெருந்தோட்டங்களுள் முன்னோடியாக, இங்கே துருப்பிடியா உருக்குத் தொட்டிகள் அமைக்கப்பட்டன. மரபைப் போற்றுவோர் முகஞ்சுளித்திருப்பர். எனக்கோ இதுவே மரபை அறிந்தவர் செயலாகத் தோன்றுகிறது. அதன்பின் ஏறக்குறைய ஈராண்டு ஓக் மரப்பீப்பாயில் முதிரும். தரத்திற் குறைந்த பகுதியைத் தன் முதற்பெயரிற் சேர்க்காது, வேறொரு பெயரில் விற்பர்.

நம் பனையின் பாளைநீருக்கு இக்காத்திருப்பு இல்லை. முட்டியில் விழுந்ததுமே அது புளிக்கத் தொடங்கும். சீவல் தொழிலாளர் முட்டியில் தடவும் சுண்ணாம்பு அப்புளிப்பைத் தடுத்துக் கருப்பநீராக்கும். அறிவில் இது குறைந்ததன்று. ஆனால் எந்த மரம், எந்த வளவு என்று எழுதிவைத்தவர் யார்? எங்கள் வயலிலும் ஒரு வரம்புக்கு இப்பால் நெல்லின் மணி வேறு, அப்பால் வேறு என்பதை உழவர் அறிவர். ஆலைக்குச் சென்றதும் எல்லாம் ஒரே மூடையாகிறது. ஊர்ப்பெயரும் அங்கே போய்விடுகிறது. 2006இல் மூதூர்ப் பகுதி மக்கள் போரினால் இடம்பெயர்ந்து ஓடிய நாள்களில், வயலின் குணமறிந்த முதியோரின் நினைவன்றி வேறு ஏடு ஏதும் எம்மிடம் இருக்கவில்லை.

1855இல் பாரிசுப் பொருட்காட்சிக்காகப் போர்தோ வைன்கள் தரம்பிரிக்கப்பட்டபோது, முதல் வரிசையில் நின்ற நான்கு செவ்வைன்களுள் மெதோக் பகுதிக்கு வெளியேயிருந்தது ஓ பிரியோன் மட்டுமே. 1935இல் அமெரிக்க வங்கியாளர் கிளாரன்ஸ் டில்லன் அதனை வாங்கினார். இன்று நகரமே தோட்டத்தைச் சூழ்ந்துவிட்டது. வீடுகளிடையே சுமார் 50 எக்டேயரிற் கொடிகள் நிற்கின்றன. தெருவுக்கு எதிரேயுள்ள லா மிஸியோன் தோட்டத்தையும் அக்குடும்பம் 1983இல் வாங்கியது. உரிமையாளர் ஒருவரேயாயினும் அவ்விரு நிலங்களின் முதற்தர வைன்கள் கலவாது, தத்தம் பெயரிலேயே புட்டியில் அடைக்கப்படுகின்றன.