பன்றி எங்கே படுக்கிறது?

ஜெலுபு பக்கத்துத் தோட்டங்களில் மரவள்ளி போட்டவர்களுக்குத் தெரியும், கிழங்கு முற்றியதை முதலில் கண்டுபிடிப்பது காட்டுப் பன்றிதான். உடனே நாயும் துப்பாக்கியுமாக ஆட்கள் கிளம்புவார்கள். இரண்டு வாரம் அமைதி. பிறகு பழையபடி. ஏன் என்று ஒருமுறை என் மாமாவிடம் கேட்டேன். "அது திங்கத்தான் இங்க வருது, படுக்கிறது வேற எடம்டா" என்றார்.

அந்த வேறு இடத்துக்கு நல்ல உதாரணம், சிம்பாங் பெர்தாங் அருகே உள்ள பாசோ வனக் காப்பகம். மூன்று பக்கமும் செம்பனை. இரவில் உதிரிப் பழம் தின்னத் தோட்டம், பகலில் படுக்கக் காடு. சாப்பாட்டுக் கடைக்குப் பின்னாலேயே வீடு கிடைத்த மாதிரி! அங்கே சதுர கிலோமீட்டருக்கு 1996இல் 47 பன்றிகளும் 1998இல் 27 பன்றிகளும் இருந்ததாக ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். அடித்துத் தின்னப் புலி இல்லை; பழமோ ஆண்டு முழுவதும் கிடைக்கிறது.

குட்டி போடப்போகும் தாய்ப் பன்றி வெறும் தரையில் படுக்காது. இளமரங்களைக் கடித்து முறித்து, நூற்றுக்கணக்கில் குவித்துப் படுக்கை கட்டும். 24 ஆண்டுகளில் பாசோ காட்டின் இளமரங்கள் 62 விழுக்காடு குறைந்துவிட்டன என்கிறது 2017இல் 'நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்' இதழில் வந்த ஆய்வு. செம்பனையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்கும் அப்பால், காட்டின் உள்ளே நடந்த சேதம் இது.

சரி, வேட்டை நெருக்கினால்? விலங்கு முதலில் நேரத்தை மாற்றுகிறது. 62 வகைப் பாலூட்டிகளைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்த 2018ஆம் ஆண்டுக் கட்டுரை, மனிதத் தொந்தரவு உள்ள இடங்களில் அவற்றின் இரவு நடமாட்டம் சராசரியாக 1.36 மடங்கு கூடுவதாகச் சொன்னது. அடுத்து, படுக்கும் இடத்தை மாற்றுகிறது. அமெரிக்காவில் எல்க் என்ற பெரிய மான், வேட்டைக் காலம் தொடங்கியதும் சுட அனுமதியில்லாத நிலத்துக்குள் போய்விடுகிறது. நம் பன்றிக்கு அந்த நிலம் வனக் காப்பகம். நமக்குத்தான் நுழைய அனுமதி வேண்டும், அதற்கு வேண்டாம்.

அதனால் எல்லையோரம் சுட்டுக்கொண்டே இருப்பதைவிட, உதிரிப் பழத்தை உடனுக்குடன் பொறுக்குவதும், லயத்துக்குப் பக்கத்தில் பன்றி பதுங்கும் புதரை வெட்டுவதும் பயன் தரும் என்பது என் எண்ணம். ஆள் பற்றாக்குறையில் தோட்டங்கள் முதலில் கைவிடுவதும் இந்த வேலைகளைத்தான்.

சுடத்தான் வேண்டும் என்றால் பெர்ஹிலித்தான் உரிமம் வேண்டும். கண்ணி மட்டும் வேண்டாம். 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம், புலியும் கரடியும்கூட அதில் சிக்கும். புதருக்குள் நாயை விடுமுன் கொஞ்சம் யோசியுங்கள். உள்ளே குட்டியோடு தாய்ப் பன்றி படுத்திருந்தால், ஓடுவது அதுவாக இருக்காது.